தரையோரம் பிடிச்சுப் பாருங்க!

போன மாசம் சமையலறையில் காஸ் வாடை. "தீக்குச்சி கிழிச்சுப் பார்த்தா எங்கேன்னு தெரிஞ்சிடும்டி" என்றார் மாமியார். பதறித் தடுத்தேன். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் எதிர்வீட்டுக்குப் போய் 1906-க்கு போன் செய்தோம்.

வந்த மெக்கானிக், காஸ் கண்டுபிடிக்கும் கைக்கருவியை வாசலிலேயே ஆன் செய்துகொண்டுதான் உள்ளே நுழைந்தார். அடுப்பு மேடையில் மூச்சே விடாத கருவி, சிலிண்டர் பக்கம் தரையோரம் போனதும் 'கீ கீ' என்று கத்தியது! சமையல் காஸ் காற்றைவிடக் கனம்; கீழேதான் தங்குமாம். (நானோ இத்தனை வருஷமா மேடையில் மோந்து பார்த்துக்கிட்டிருந்தேன்!) காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளுமாம்.

பட்டுப்புடவைக்குச் சீட்டு கட்டுகிற நாம், நாலு வீடு சேர்ந்து இந்தக் கருவி ஒன்று வாங்கினால் என்ன? எங்கள் மாடி வீட்டுக்காரர்களிடம் பேச ஆரம்பித்துவிட்டேன்.

- ஒரு வாசகி, மதுரை.