அம்மா மட்டும் நினைவில் வைக்க வேண்டுமா?

“சர்க்கரை ஏன் வாங்கவில்லை?” என்ற கேள்வி வீட்டில் எழும்போது அது யாரை நோக்கி எழுகிறது? அம்மாவை நோக்கித்தான். டப்பாவை வழித்துக் கடைசிக் கரண்டியைப் போட்டுக்கொண்டவர் நாமாக இருந்தாலும், பதில் சொல்ல வேண்டியவர் அம்மாவே. இது நியாயமா என்று நாம் ஒரு நாளாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

நம் பொதட்டூர்பேட்டை, தறி ஓசையில் கண்விழிக்கும் ஊர். இங்கே தாய்மார் பலர் சமையலும் செய்து, தாரும் சுற்றித் தருகின்றனர். கூலி கைக்கு வந்தால் ரொக்கம். வராவிட்டால் கடையில் கணக்கு நோட்டு. இத்தனைக்கும் நடுவில் உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு, எண்ணெய் எத்தனை நாளைக்கு வரும் என்ற கணக்கு முழுவதும் அவர்கள் தலைக்குள்ளேயே இருக்கிறது.

எங்கள் வீடுகளில் ஒன்றில் தாயார் காய்ச்சலில் படுத்துவிட்டார். தந்தையார் காலையில் ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கி வந்தார். மாலையில் அண்ணனும் ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கி வந்தார். உப்பை மட்டும் ஒருவரும் வாங்கவில்லை! அன்று எல்லோரும் சிரித்தோம். ஆனால் அம்மா எழுந்து வராவிட்டால் நம் அடுப்படியே நமக்குத் தெரியாது என்பது சிரிப்புக்குரியதா?

ஆகவே நாங்கள் சொல்வது இதுதான்: மளிகைப் பட்டியல் அம்மாவுடையது அன்று, அவ்வீட்டில் உண்ணும் அனைவருடையது.

வழி எளிது. பழைய நோட்டு ஒன்றை அடுப்படிக் கதவருகே தொங்கவிட்டு, ஒரு பென்சிலையும் நூலில் கட்டிவிட வேண்டும். எந்தப் பொருளையும் தீர்ப்பவர் யாரோ, அவரே அதை எழுத வேண்டும். அளவையும் எழுத வேண்டும். வாங்கியவர் அதை அடித்துவிட வேண்டும். கைப்பேசியில் எழுதினாலும் முறை இதுவே.

மேல் பாதியில் ரேஷன் பொருள்கள் வரட்டும். 2011 ஜூன் முதல் நம் மாநிலத்தில் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அங்கே கிடைக்கின்றன. அவற்றை வாங்கிக் குறித்தபின், மீதியை மட்டும் மளிகைக் கடைக்கென எழுதினால் கணக்கு நோட்டில் கடன் குறையும்.

“எல்லோரும் எழுதினால் செலவு பெருகாதா?” என்று பெற்றோர் கேட்கலாம். எங்கள் அனுபவம் வேறு. பட்டியல் நீளுவதைக் கண்ட தம்பியே தான் எழுதிய பிஸ்கட்டை அடித்துவிட்டான். தலைக்குள் இருக்கும் கணக்கு பிறருக்குத் தெரியாது. எழுதிய கணக்கு எல்லோருக்கும் பொறுப்பைத் தரும்.

இதைச் சிறு காரியம் என்று எண்ண வேண்டாம். 1844-இல் இங்கிலாந்திலுள்ள ராச்டேல் நகரில், நெசவாளர் பலர் அடங்கிய 28 பேர், தம் வீடுகளுக்கு வேண்டிய மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலியவற்றுக்காகக் கூடிக் கடை திறந்தனர். அவ்வழியில் 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றியது. வீட்டுத் தேவையைப் பலர் கூடி எண்ணியதன் பயன் இது.

தோழியரே, இன்னொன்று. பழைய பட்டியல்களைப் புரட்டிப் பாருங்கள். அப்பாவின் சவர பிளேடு இருக்கும். தம்பியின் பிஸ்கட் இருக்கும். நம் தலைக்கு ரிப்பனும் இருக்கும். அம்மாவுக்கென்று ஒரு வரி இருக்கிறதா? எழுதுபவர் அவரே என்பதால் தம்மை எழுத மறந்துவிடுகிறார்.

கானாவூர்த் திருமணத்தில் திராட்சை இரசம் தீர்ந்ததைத் தம் திருமகனிடம் சொன்னவர் தேவதாய். ஆறு கற்சாடிகளிலும் தண்ணீர் நிரப்பியவர்களோ பணியாளர்கள். நம் வீட்டில் அன்னை சொல்லும்வரை காத்திராமல், குறையை நாமே கண்டு எழுதுவோம். இந்த மாதப் பட்டியலில் முதல் வரி அம்மாவுக்குரியதாக இருக்கட்டும். அதை நம் கையால் எழுதுவோம்.