ரிவால்வருக்குப் புளி போடலாமா?

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் எந்த வீட்டு முற்றத்தை எட்டிப் பார்த்தாலும் ஒரே காட்சிதான். குத்துவிளக்கு, செம்புக்குடம், அரிவாள், மண்வெட்டி, தறிச் சாமான் எல்லாம் வெளியே வந்திருக்கும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கரைத்த புளி, ஒரு பிடி சாம்பல், பழைய ஆட்கள் என்றால் கொஞ்சம் செங்கல் பொடி. ஒரு மணி நேரத்தில் விளக்கு தங்கம் மாதிரி ஆகிவிடும். சில பழைய வீடுகளில் அந்த வரிசைக்கு பீரோவிலிருந்து இன்னொன்றும் வந்து சேரும். தாத்தா காலத்தில் லைசென்ஸ் வாங்கிய ரிவால்வர். ஒரு காலத்தில் வெள்ளி மாதிரிப் பளபளத்த நிக்கல் முலாம் இப்போது மங்கிக் கிடக்கும். "இதையும் அப்படியே ஒரு தேய் தேய்ச்சிடுங்க" என்று யாராவது சொல்வார்கள்.

அங்கேதான் கெடுகிறது.

குத்துவிளக்கு மேலிருந்து உள்ளே வரை பித்தளை. புளி மேலே இருக்கிற கறையைத் தின்னும், சாம்பல் கொஞ்சம் பித்தளையையும் சேர்த்துத் தேய்க்கும், அடியிலிருந்து புதுப் பித்தளை வரும். நூறு வருஷம் தேய்த்தாலும் விளக்கு விளக்காகவே இருக்கும். நிக்கல் ரிவால்வர் அப்படி இல்லை. உள்ளே இருப்பது இரும்பு. மேலே இருப்பது மின்சாரத்தால் பூசிய ஒரு தோல். பெரும்பாலும் ஒரு தலைமுடியின் கனம்கூட அதற்கு இருக்காது. அதைத் தேய்த்தால் அடியிலிருந்து புது நிக்கல் வராது, இரும்புதான் வரும். பல துப்பாக்கிகளில் நிக்கலுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய செம்புப் பூச்சும் உண்டு. தேய்க்கத் தேய்க்கச் சிவப்பாக ஏதோ தெரிகிறதே என்று துருவை நினைத்து இன்னும் அழுத்தித் தேய்க்கிறவர்கள் உண்மையில் அந்தச் செம்பைத்தான் பார்க்கிறார்கள்.

இந்த முலாம் அழகுக்காக மட்டும் வந்ததும் அல்ல. அமெரிக்காவில் பாஸ்டனைச் சேர்ந்த ஐசக் ஆடம்ஸ் 1869-ல் நிக்கல் முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அப்போது துப்பாக்கிக்குப் போட்டது கரிமருந்து. சுட்ட பிறகு தங்கும் புகைக்கரி ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். கை வியர்வையும் அப்படித்தான். நிக்கல் அதற்கு ஒரு சட்டை. பளபளப்பு உபரி லாபம். மங்கினாலும் சட்டை கிழியாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பளபளப்புக்காகச் சட்டையையே கிழித்துக்கொள்வதில் என்ன புத்திசாலித்தனம் இருக்கிறது?

புளி மட்டுமில்லை. பித்தளைக்கு என்று கடையில் விற்கிற பாலிஷ் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது. அம்மோனியாவுக்குச் செம்பு என்றால் உயிர். முலாமில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் போதும், அதன் வழியே இறங்கி அடியில் உள்ள செம்பைக் கரைக்கும். மேலே நிக்கல் நன்றாகவே தெரியும், கொஞ்ச நாளில் செதில் செதிலாக உரியும்.

அம்மோனியா பற்றி நம் நாட்டிலேயே ஒரு பழைய கதை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் மழை மாதங்களில் குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்த ராணுவத் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் சும்மா இருந்தபடியே வெடிப்பு விட்டன. காரணம் தெரியாமல் பலரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். 1921-ல்தான் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் விடையைத் தெளிவாக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவும் மழை ஈரமும் சேர்ந்து, ஏற்கெனவே இழுவிசையில் இருந்த பித்தளையைப் பிளந்துவிட்டன. ரிவால்வரோடு தோட்டாவையும் வரிசையாக வைத்து பாலிஷ் போடுகிற ஆர்வக்கோளாறுகள் இதைக் கவனிக்க வேண்டும். விரிசல் விட்ட தோட்டா சுடும்போது கையில் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"சரி, வீட்டில் வேண்டாம், முலாம் பூசும் கடையில் கொடுத்து புதுசாக்கிவிடலாம்" என்பது அடுத்த யோசனை. இது முதல் யோசனையைவிட மோசம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவே அதற்கென்று தனி லைசென்ஸ் வேண்டும். பைக் சைலன்சருக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் முலாம் போடுகிற கடைக்காரரிடம் அது இருக்காது. அவருடைய சக்கரத்தில் வைத்து பஃப் அடித்தால் முதலில் அழிவது உடம்பில் பொறித்த நம்பர். அந்த நம்பரை அழிப்பது அதே சட்டத்தில் குற்றம். நம்பர் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அழித்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. பேரனுக்குப் பளபளப்பான ரிவால்வர் கிடைக்கும், கூடவே ஒரு வழக்கும்.

சட்டத்தை விடுங்கள். பழைய முலாமை எடுக்க அமிலத்தில் முக்குவார்கள். அப்போது எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து கெட்டியான ஸ்பிரிங் நொறுங்கும் தன்மைக்குப் போகும். சிலிண்டரின் தோட்டாக் குழிகளில் முலாம் ஏறினால் அளவு மாறும். நூலிழை அளவில் நிற்கிற சாமானில் விளையாடுவது விளக்குக்குப் பொட்டு வைப்பது போல் இல்லை.

அப்படியானால் ஒன்றுமே செய்யக்கூடாதா? செய்யலாம், ஆனால் கொஞ்சம்தான். லைசென்ஸ் உள்ளவரே செய்ய வேண்டும், முற்றத்தில் பிள்ளைகள் நடுவே அல்ல. முதலில் சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு குழியையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். "காலியாத்தான் இருக்கு" என்று யார் சொன்னாலும் நம்பக்கூடாது, சொன்னது தாத்தாவே ஆனாலும். பிறகு மெல்லிய மெஷின் எண்ணெயில் நனைத்த மெத்தென்ற பழைய வேட்டித் துணி. அருப்புக்கோட்டைக்காரர்களுக்குப் பருத்தித் துணிக்கா பஞ்சம்! பட்டறையில் கிடக்கும் வேஸ்ட் பஞ்சு மட்டும் கூடாது, அதில் இரும்புத்தூள் இருக்கும். கரிசல் பூமியின் புழுதியிலும் நிக்கலைவிடக் கடினமான மணல் துகள் உண்டு. அதனால் முதலில் மென்மையான பிரஷ்ஷால் புழுதியைத் தட்டிவிட்டுத்தான் துணி வைக்க வேண்டும். கம்பி நார், உப்புத்தாள், பல்பொடி, பற்பசை எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாளாக நாளாகப் பிசின் மாதிரி இறுகிவிடும்.

முலாம் முழுசாக இருக்கிற இடத்தில் அம்மோனியா இல்லாத மென்மையான உலோக பாலிஷை வருஷத்துக்கு ஒரு முறை, அதுவும் லேசாகப் போடலாம். உரிந்த ஓரத்தில் போடவே கூடாது, அங்கே துணி மாட்டினால் செதில் பெயர்ந்துவிடும். கடைசியாக மெல்லிய மெழுகு. பிரிட்டிஷ் மியூசியத்தில் 1950-களில் உருவாக்கிய ரெனைசான்ஸ் மெழுகை அருங்காட்சியகங்கள் இன்றும் பழைய உலோகங்களுக்குப் போடுகின்றன. லேசான மஞ்சள் சாயல் மிச்சம் இருந்தால் அது அழுக்கு என்று நினைக்க வேண்டாம், நிக்கலின் நிறமே அதுதான். நீல வெண்மையாக மின்னுவது குரோமியம்.

வைக்கிற இடமும் முக்கியம். தோல் உறைக்குள் போட்டு வைப்பதுதான் கம்பீரம் என்று பலர் நினைக்கிறார்கள். தோலைப் பதப்படுத்திய ரசாயனமும் தோல் இழுத்து வைத்திருக்கிற ஈரமும் முலாமுக்கு எதிரி. வருஷம் முழுக்கக் காய்கிற ஊர்தான், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் பீரோவுக்குள்ளும் ஈரம் வரும். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கினால் அன்றைக்கே எண்ணெய்த் துணியால் ஒரு முறை துடைத்து வைப்பது நல்லது.

குழல் முனையில் முலாம் போய்க் கறுத்திருக்கிற அந்த இரண்டு இடத்தை அப்படியே விட்டுவிடலாம். தாத்தா உறையிலிருந்து எடுத்து எடுத்து வைத்ததில் தேய்ந்த இடம் அது. பூஜை அன்று சந்தனமும் குங்குமமும் வைத்தே தீர வேண்டும் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால், ரிவால்வர் இருக்கிற பெட்டியின் மூடிக்கு வைக்கச் சொல்லுங்கள்.