கல்லாவில் ஒரு மடக்குப் போன் இருக்கட்டும்



சங்கக் கூட்டத்தில் நாம் மடக்குப் போனைத் திறந்து பேசினால் இளைய வணிகர்கள் சிரிக்கிறார்கள். "அண்ணாச்சி இன்னும் பட்டன் போனை விடவில்லையா?" என்று கேட்கிறார்கள். விடவில்லை. அதன் காரணத்தையும், அதனால் நாம் பட்ட நஷ்டத்தையும் ஒளிவுமறைவின்றி எழுதுகிறோம்.

நம் நாட்டில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று பேசப்பட்டது. மறு ஆண்டே மோட்டோரோலாவின் 'ஸ்டார்டேக்' மடக்குப் போன் வெளிநாடுகளில் விற்பனைக்கு வந்தது. அந்நாளில் வரும் அழைப்புக்கும் காசு. எனவே சரக்கு விலையை நாலு வார்த்தையில் சொல்லி முடிப்போம். இன்று அந்தக் கவலை இல்லை.

மடக்குப் போனின் வசதிகள் எளியவை. திறந்தால் பேசலாம், மூடினால் அழைப்பு முடிந்தது. சட்டைப் பையில் கிடக்கும்போது பட்டன் அழுந்தி யாருக்கும் அழைப்பு போகாது. எண்கள் பெரியவை; மிளகாய்வற்றல் மூட்டையைத் தொட்ட கையாலும் அழுத்தலாம். 2022-ல் வந்த நோக்கியா 2660 பிளிப் போன்றவற்றில் 4ஜி சிம்மும் வேலை செய்யும். 4ஜி இல்லாத மாதிரியை வாங்கினால் ஜியோ சிம் வேலை செய்யாது. பார்த்து வாங்க வேண்டும்.

பெரிய நன்மை வேறு. கல்யாணப் பத்திரிகை என்றும், வங்கி கே.ஒய்.சி. என்றும் பெயரிட்டு ஏ.பி.கே. கோப்புகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. அதைத் தொட்டு நிறுவிவிட்டால் நமக்கு வரும் ஓ.டி.பி. திருடன் கைக்குப் போய்விடும். பட்டன் போனில் அந்தக் கோப்பு ஏறாது. ஆனால் கேட்பவனிடம் ஓ.டி.பி.யை வாயால் சொல்லிவிட்டால் எந்தப் போனும் காப்பாற்றாது.

இனி குறைகள். ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கிலத்தில் 160 எழுத்து அடங்கும். தமிழில் 70 தான். சரக்குப் பட்டியலுக்கு அது போதாது. நம் போனில் வாட்ஸ்அப்பும் கிடையாது.

சென்ற ஆண்டு பொங்கலுக்கு முந்தைய வாரம், முப்பது ஆண்டு வாடிக்கையாளர் ஒருவரின் மகன் அழைத்தார். "பட்டியலைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், வாட்ஸ்அப் நம்பர் கொடுங்கள் அண்ணாச்சி" என்றார். "போனிலேயே சொல்லுங்கள் தம்பி, எழுதிக்கொள்கிறோம்" என்றோம். நாற்பது வகைச் சரக்கு. பாதி சொல்வதற்குள் அவர் கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பிறகு கூப்பிடுகிறேன் என்றவர் கூப்பிடவில்லை. அடுத்த தெருவில் கொள்முதல் செய்துவிட்டார். இன்றுவரை அந்தப் பற்று நம் பேரேட்டில் ஏறவில்லை. குற்றம் அந்தத் தம்பியுடையது அல்ல. நமது பிடிவாதம்தான்.

அதன்பின் நாம் செய்த ஏற்பாடு இது. வங்கிக் கணக்கில் பதிந்த எண் மடக்குப் போனில், முதலாளி கையில். வேறொரு எண் ஸ்மார்ட்போனில், கணக்கப்பிள்ளை மேசையில். பட்டியல், பில், லாரி ரசீது எல்லாம் அதில் வரட்டும். க்யூ.ஆர். அட்டையில் வரும் பணத்துக்குப் போனே தேவையில்லை. நேரே கணக்கில் சேரும், வங்கிச் செய்தி மடக்குப் போனுக்கு வரும். அந்தச் செய்தியைப் பார்த்த பிறகே சரக்கை ஏற்றுங்கள். வாங்குபவர் காட்டும் படத்தை நம்பி ஏற்றாதீர்கள்.

இதிலும் சங்கடம் உண்டு. வங்கி எண்ணுள்ள சிம் ஸ்மார்ட்போனில் இல்லாததால், அந்தக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. செயலியில் பணம் அனுப்ப முடியாது. *99# வழியே அனுப்பலாம். ஒரு தடவைக்கு ரூ.5,000 வரைதான். மொத்தக் கொள்முதலுக்கு அது எம்மாத்திரம்? காசோலையோ ஆர்.டி.ஜி.எஸ்.ஸோ தான் வழி. வங்கிக்கு நடக்கத்தான் வேண்டும். கணக்கில் உள்ள முதலை நினைத்தால் அந்த நடை பெரிதல்ல.

புதியதை வெறுக்கவும் வேண்டாம், பழையதை எறியவும் வேண்டாம். விற்பனைக்கு ஒரு போன், பணப்பெட்டிக்கு ஒரு போன் என்று பிரித்து வையுங்கள் என உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.