55ஆவது நகர்த்தல்

யானைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி, சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் சதுரங்க உலகம் அதைக் கண்டது. உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டியின் 14ஆவது ஆட்டம் அன்று நடைபெற்றது. அதுவே கடைசி ஆட்டம். நடப்பு வெற்றியாளரான சீனாவின் டிங் லிரனும் சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷும் தலா ஆறரைப் புள்ளிகள் பெற்றிருந்தனர். அந்த ஆட்டத்தின் 55ஆவது நகர்த்தலில் டிங் செய்த தவறால் உலகப் பட்டம் குகேஷின் கைக்குச் சென்றது.

உலகப் பட்டம் இவ்வளவு எளிய தவறால் கைமாறலாமா என்று பலர் குறைகூறினர். முன்னாள் உலக வெற்றியாளர் விளாடிமிர் கிராம்னிக்கும் ஆட்டத்தின் தரத்தைக் கடுமையாக விமர்சித்தார். இந்தக் குறைகூறல் சரியா? ஆட்டத்தின் இறுதிக்கட்டத்தைச் சற்று நிதானமாகப் பார்த்தால் விடை தெரியும்.

அப்போது இருவரிடமும் அரசரைத் தவிர ஒரு கோட்டையும் ஓர் அமைச்சரும் இருந்தன. குகேஷிடம் இரண்டு சிப்பாய்கள் இருந்தன. டிங்கிடம் ஒன்றுதான் இருந்தது. ஆயினும், கவனமாக ஆடினால் டிங் சமநிலை காணக்கூடிய நிலைதான் அது. சமநிலையில் முடிந்திருந்தால், மறுநாள் விரைவு ஆட்டங்கள் நடந்திருக்கும். அவற்றில் டிங்கே வலுவானவர் என்று பலர் கருதினர்.

அந்த நிலையில் டிங் தம் கோட்டையை எதிரியின் கோட்டைக்கு நேராக வைத்தார். கோட்டைகள் இரண்டும் வெட்டுப்பட்டால் ஆட்டம் எளிதாகிவிடும் என்று தோன்றலாம். ஆனால், அவருடைய அமைச்சர் பலகையின் மூலையில் நின்றது. மூலையில் நிற்கும் அமைச்சருக்கு ஒரே ஒரு குறுக்குப் பாதைதான் உண்டு. கோட்டைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் அந்தப் பாதையில் தம் அமைச்சரை நிறுத்தினார். அதற்கு அவருடைய அரசர் காவலாக நின்றார். டிங்கின் அமைச்சர் தப்ப வழியில்லை. அமைச்சர்களும் வெட்டுப்பட்டபின் அரசர்களும் சிப்பாய்களும் மட்டுமே எஞ்சின. ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்த குகேஷின் வெற்றி உறுதியானது. 58ஆவது நகர்த்தலுடன் டிங் தோல்வியை ஏற்றுக்கொண்டார்.

சதுரங்கம் கற்பவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. சிப்பாய் குறைவாக உள்ளவர் சிப்பாய்களை வெட்டிக் குறைக்கலாம்; பெரிய காய்களை வெட்டிக்கொள்ள அவசரப்படக்கூடாது. டிங் இதை அறியாதவர் அல்லர். ஏறத்தாழ மூன்று வாரம் நீடித்த போட்டியின் களைப்பும், கடைசி ஆட்டத்தின் அழுத்தமும், சிக்கலிலிருந்து விரைவாக விடுபடும் விருப்பமும் சேரும்போது, அறிந்த பாடமும் மறந்துபோகும்.

அந்த அழுத்தத்தைக் கொடுத்தவர் குகேஷ். சமநிலை போதும் என்று அவர் ஓய்ந்துவிடவில்லை. தம்மிடம் கூடுதலாக இருந்த ஒரு சிப்பாயை நம்பி நகர்த்திக்கொண்டே இருந்தார். டிங் தவறு செய்தவுடன் அதை அவர் கவனிக்கவில்லை. வேறொரு நகர்த்தலைச் செய்யவிருந்ததாக அவரே பின்னர் கூறினார். கையை நீட்டுமுன் பலகையை மீண்டும் ஒருமுறை பார்த்தார். அந்த இரண்டாம் பார்வைதான் அவரை உலக வெற்றியாளராக்கியது. ஆகவே, டிங்கின் தவறு குகேஷின் வெற்றியை மலிவாக்கிவிடாது.

மாமேதைகளும் இப்படித் தவறியதுண்டு. 1972ஆம் ஆண்டு ரெய்க்யவிக் நகரில் நடந்த உலகப் போட்டியின் முதல் ஆட்டத்தில், சமநிலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்த வேளையில் பாபி ஃபிஷர் தம் அமைச்சரால் ஓரத்துச் சிப்பாய் ஒன்றை வெட்டினார். அந்த அமைச்சர் வெளியேற முடியாமல் சிக்கிக்கொண்டது. ஃபிஷர் அந்த ஆட்டத்தில் தோற்றார். ஆனால், அந்தப் போட்டியில் போரிஸ் ஸ்பாஸ்கியை வென்று பட்டத்தைக் கைப்பற்றினார்.

தேர்வுத்தாளில் ஒரு கணக்கு தவறிவிட்டால், "கவனக்குறைவு" என்ற ஒரே சொல்லால் அதை ஒதுக்கிவிடும் மாணவர்கள் உண்டு. அது தவறுக்குப் பெயர் வைப்பதே தவிர, தவறை ஆராய்வது ஆகாது. நேரம் போதவில்லையா, முடித்துவிட வேண்டும் என்ற அவசரமா, தெரிந்த விதியை மறந்துவிட்டதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். காரணம் தெரிந்தால்தான் அடுத்த முறை அதைத் தவிர்க்க முடியும்.

தோல்விக்குப் பின் டிங் பிறர்மீது பழி சுமத்தவில்லை. முடிவு நியாயமானதே என்றும், தமக்கு வருத்தமில்லை என்றும் அவர் கூறினார். பட்டத்தை இழந்த அன்றே அப்படிச் சொல்வதற்கும் ஒரு வலிமை வேண்டும். 55ஆவது நகர்த்தலைக் கேலி செய்பவர்கள் அதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.