சாக முடியாத விமானியின் யதார்த்தம்

"ப்ரோ, இது கேம் இல்ல, சிமுலேட்டர்." போர் விமான விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் யார் பேச ஆரம்பித்தாலும் இரண்டாவது நிமிடத்தில் இந்த வாக்கியம் வந்துவிடும். அடுத்த நிமிடத்தில் 'ரியலிஸ்டிக்' வரும். டிசிஎஸ் வேர்ல்டு ரியலிஸ்டிக், ஃபால்கன் பிஎம்எஸ் அதைவிட ரியலிஸ்டிக், வார் தண்டர் சும்மா ஆர்கேட். யாருடைய விமானம் எத்தனை டிகிரி திரும்புகிறது, எந்த வேகத்தில் ஸ்டால் ஆகிறது என்று தசமப் புள்ளி வரைக்கும் சண்டை. இந்தச் சண்டையில் எனக்கு ஒரு பக்கமும் கிடையாது. எனக்குச் சண்டை அந்தச் சொல்லோடுதான். யதார்த்தம் என்ற சொல்லை இவ்வளவு மலிவாக விற்பதற்கு யார் லைசென்ஸ் கொடுத்தது?

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இந்தத் தகராறு புதிதில்லை. நெல் ரகங்களின் பெயர்களையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டால் அது விவசாயியைப் பற்றிய யதார்த்த நாவல் ஆகிவிடாது என்று நாம் எத்தனையோ தடவை பேசித் தீர்த்திருக்கிறோம். தகவல் துல்லியமாக இருக்கலாம், வாழ்க்கை அதில் இல்லாமல் இருக்கலாம். நாவலைப் படிக்கும்போது இருக்கிற இந்தச் சந்தேக புத்தி, ஜாய்ஸ்டிக்கைப் பிடித்ததும் எங்கே போகிறது?

முதலில் அந்த 'ஃப்ளைட் மாடல்' என்பது என்ன என்று பார்த்துவிடலாம். விமானம் மூன்று திசைகளில் நகரும், மூன்று அச்சுகளில் சுழலும். ஆக மொத்தம் ஆறு சமன்பாடுகள். அது நியூட்டன் போட்ட கணக்கு, அதில் யாருக்கும் தகராறு இல்லை. அந்தச் சமன்பாடுகளுக்குள் போடவேண்டிய எண்களில்தான் விஷயம் இருக்கிறது. இந்த வேகத்தில், இறக்கை காற்றை இந்தக் கோணத்தில் சந்தித்தால், எவ்வளவு தூக்கும், எவ்வளவு இழுக்கும், மூக்கை எந்தப் பக்கம் திருப்பும்? இதற்கான அட்டவணைகள் காற்றுச் சுரங்கச் சோதனையிலும், சோதனைப் பறப்புகளிலும், கணினிக் கணக்கிலும் கிடைக்கும். விமானத்தைத் தயாரித்தவர்களிடம் அவை முழுசாக இருக்கும். ஸ்டுடியோக்காரர்களிடம்? பழைய விமானமென்றால் வெளியே வந்துவிட்ட கையேடுகள், ஓய்வுபெற்ற விமானிகளின் நினைவுகள், சொந்தக் கணக்கு. புது விமானமென்றால் அதுவும் குறைவு.

கையேட்டில் இந்த உயரத்தில், இந்த வேகத்தில், இவ்வளவு திரும்பும் என்று ஒரு கோடு இருக்கும். மாடல் அந்தக் கோட்டில் வந்து உட்காரும்வரை இழுவையைக் கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை. பள்ளிக்கூடத்தில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு கணக்குப் போடுவோமே, அதேதான். விடை சரியாக இருக்கும். கோட்டின் மேல் இருக்கும்வரை பிரச்சினை தெரியாது. கோட்டைத் தாண்டி, ஒரு பக்க இறக்கையில் மட்டும் ஏவுகணை தொங்க, ஸ்டால் ஆகி, சுழன்று விழும் இடத்துக்குப் போனால் அங்கே இருப்பதில் பாதிக்கு மேல் ஊகம். அந்த ஊகத்தை ஊகம் என்று திரையில் எங்கேயாவது போட்டிருக்கிறார்களா? இல்லை. அதே பளபளப்பு, அதே தன்னம்பிக்கை.

இந்த எண்களுக்காக மனிதர்கள் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். எஃப்-16 கையேடுகளை வாங்கி அமெரிக்காவுக்கு வெளியே கடத்தப் பார்த்ததாக ஒரு சிமுலேட்டர் ஸ்டுடியோவின் ரஷ்ய நிரலாளர் மீது வழக்கு நடந்து, 2019இல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்குத் தண்டனை கொடுத்தது. வார் தண்டர் ஆட்டக்காரர்கள் வாதத்தில் ஜெயிப்பதற்காகவே கட்டுப்பாட்டில் இருக்கும் ராணுவ ஆவணங்களைப் பொதுவெளியில் போட்டது ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. 'நம்ம டாங்கிய கம்மியா காட்டிட்டான்' என்ற ரோஷம். ஒரு நாட்டின் ரகசியத்தை விடத் தன் விளையாட்டு வண்டியின் கௌரவம் பெரிதாகத் தெரிகிற இந்த மனநிலைக்குப் பெயர் யதார்த்தப் பற்றா?

சரி, எண்கள் எல்லாமே கிடைத்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். தயாரித்தவனே உட்கார்ந்து மாடல் செய்கிறான், ஒரு தசமம் பிசகவில்லை. அப்போது யதார்த்தம் வந்துவிடுமா? இதற்குப் பதில் நம்ம தேஜஸ் கதையிலேயே இருக்கிறது.

தேஜஸ் இயல்பிலேயே நிலையற்ற விமானம். வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள், சட்டென்று திரும்பவேண்டும் என்பதற்காக. அதைக் காற்றில் நிறுத்திவைப்பது நான்கு மடங்கு பாதுகாப்போடு அமைந்த ஃப்ளை-பை-வயர் கணினி. அந்தக் கணினிக்கான கட்டுப்பாட்டு விதிகளை எழுதியவர்களிடம் முழு அட்டவணையும் இருந்தது, தரையில் சிமுலேட்டரும் இருந்தது. அது போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. 1996இல் அமெரிக்காவுக்குப் போய், வேறு விமானம் மாதிரி நடந்துகொள்ளும்படி மாற்றியமைக்கப்பட்ட ஒரு எஃப்-16இல் அந்த விதிகளை ஏற்றி, நிஜ வானத்தில் பறந்து பார்த்தார்கள். 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு வந்த தடைகளால் அமெரிக்க ஒத்துழைப்பு நின்றுபோக, மீதியை இங்கேயே முடித்தார்கள். தேஜஸின் முதல் பறப்பு 2001 ஜனவரி 4 அன்று.

தரையில் சிமுலேட்டரை வைத்துக்கொண்டு எதற்கு இந்த அலைச்சல்? ஸ்வீடனைக் கேளுங்கள். 1989 பிப்ரவரியில் அவர்களுடைய க்ரிப்பன் முன்மாதிரி தரையிறங்கும்போது தள்ளாடி நொறுங்கியது. 1993 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் நகரின் மேலேயே இன்னொரு க்ரிப்பன் விழுந்தது. இரண்டிலும் ஒரே விமானி, இரண்டிலும் உயிர் தப்பினார். 1992இல் அமெரிக்காவின் ஒய்எஃப்-22 ஓடுபாதைக்கு மேலே மூக்கை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, கடைசியில் வயிற்றால் தரையில் சறுக்கியது. மூன்றிலும் பிரச்சினை ஒரே வகை. விமானி திருத்துகிறார், விமானம் தாமதமாகப் பதில் சொல்கிறது, அவர் கூடுதலாகத் திருத்துகிறார், ஆட்டம் பெருகுகிறது. தரைச் சிமுலேட்டரில் இந்த வியாதி பலமுறை தலைகாட்டுவதே இல்லை. ஏனென்றால் அங்கே விமானியின் கை பதறுவதில்லை. ஓடுபாதை நிஜமாக ஏறி வரும்போது, உயிர் பதறும்போது, கை வேறு விதமாக இழுக்கும். அந்தப் பதற்றமும் விமானத்தின் கையாளுமையில் ஒரு பகுதிதான். எந்த அட்டவணையிலும் அது ஏறாது.

முழுத் தகவலும் கையில் இருந்த பொறியாளர்களே தரைச் சிமுலேட்டரை அந்த அளவுக்குத்தான் நம்பினார்கள். நாமோ கிராஃபிக்ஸ் கார்டை மாற்றிவிட்டு 'அப்படியே நிஜம் மாதிரி இருக்கு மச்சி' என்கிறோம். நிஜத்தை எப்போ பார்த்தோம்?

உடம்பைப் பற்றியும் பேசவேண்டும். ஒன்பது ஜி திருப்பத்தில் எழுபது கிலோ மனிதன் அறுநூற்று முப்பது கிலோ ஆகிறான். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறு கிலோ என்றால் கழுத்தின்மேல் ஐம்பத்து நான்கு கிலோ, கிட்டத்தட்ட ஒரு சிமெண்ட் மூட்டை. ரத்தம் காலுக்கு இறங்குகிறது, பார்வை ஓரத்திலிருந்து இருட்டுகிறது. கால் தசையையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சைப் பிடித்து விட்டு, அந்த நிலையில் பின்னால் வருகிறவனைத் திரும்பிப் பார்க்கவேண்டும். சிமுலேட்டரில் திரை ஓரம் கறுப்பாகும், முனகல் சத்தம் வரும். நீங்கள் பக்கத்தில் இருக்கும் டீயை எடுத்துக் குடிக்கலாம்.

"ஆனா ரியல் பைலட்டே ரியலிஸ்டிக்னு சொல்லியிருக்காரு" என்பது அடுத்த அஸ்திரம். சொல்லியிருக்கலாம், பொய்யும் இல்லை. அவர் திரையைப் பார்க்கும்போது அவருடைய உடம்பு மீதியை நிரப்பிக்கொள்கிறது. ஊர்க்காரன் தன் ஊரின் புகைப்படத்தைப் பார்த்தால் மண்வாசனையும் வரும். அந்த ஊருக்கே போகாதவனுக்குப் புகைப்படத்தில் காகிதம்தான்.

"கஷ்டமா இருந்தா ரியல், ஈஸியா இருந்தா ஆர்கேட்" என்பது இன்னொரு மூடநம்பிக்கை. தேஜஸ் போன்ற விமானத்தில் கணினியின் வேலையே விமானி எல்லை மீறி இழுத்தாலும் விமானத்தை எல்லைக்குள் வைப்பதுதான். பறப்பதைச் சுலபமாக்கி, சண்டையில் மட்டும் விமானியின் கவனம் இருக்கட்டும் என்பதற்காகப் பொறியாளர்கள் வருடக்கணக்கில் உழைத்தார்கள். அப்படிப்பட்ட விமானத்தைச் சரியாக மாடல் செய்தால் 'ரொம்ப ஈஸி, ஃபேக்' என்று நம்ம ஆட்களே முதலில் கழுவி ஊற்றுவார்கள். அவர்களுக்கு வேண்டியது யதார்த்தம் இல்லை, கஷ்டப்பட்டோம் என்ற பெருமை.

இப்போது மண்ணுக்கு வருகிறேன். திருவள்ளூர் மாவட்டத்துக்கும் போர் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஆவடியில் டாங்கிகளுக்குப் பெயர்போன சிவிஆர்டிஇ ஆய்வகம்தான் தேஜஸின் துணைக்கருவி கியர்பாக்ஸை உருவாக்கியது. இன்ஜினின் சக்தியை எடுத்து ஜெனரேட்டருக்கும் ஹைட்ராலிக் பம்புக்கும் கொடுக்கிற பெட்டி அது. ஹைட்ராலிக் இல்லையென்றால் இறக்கையின் பின்விளிம்பு அசையாது. பின்விளிம்பு அசையவில்லையென்றால் ஃப்ளை-பை-வயர் கணினி எவ்வளவு புத்திசாலியாக இருந்தும் பிரயோஜனமில்லை. நாம் 'ஹேண்ட்லிங்' என்று சொல்கிற அந்த நளினம் ஒரு பல்சக்கரத்தின் பல்லில் நிற்கிறது. அந்தப் பல்லை யாரோ ஒருவர் கடைந்து, அளந்து, கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ அம்பத்தூரிலோ சிஎன்சி மெஷின் ஓட்டுகிற யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு மெஷின் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஒன்று காலையில் சூடேறும்வரை அளவு தள்ளும், அதற்கு ஆஃப்செட் போடவேண்டும். இன்னொன்றில் ஒரு அச்சில் லேசான ஆட்டம் இருக்கும். கேட்லாக்கில் இரண்டுக்கும் ஒரே துல்லியம்தான். 'இது அப்படித்தான் சார், கொஞ்சம் பாத்து ஓட்டணும்' என்று ஷிஃப்ட் மாறும்போது ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிவிட்டுப் போவாரே, அதுதான் இயந்திரத்தின் யதார்த்தம். சிமுலேட்டரில் எல்லா விமானமும் கேட்லாக் விமானம். பழுது வேண்டுமென்றால் ரேண்டம் ஃபெயிலியர் என்று ஒரு பட்டன் உண்டு. தாயக்கட்டை உருட்டுவதுதான் அது. தேய்மானத்துக்கு ஒரு வரலாறு உண்டு, தாயக்கட்டைக்கு இல்லை.

அந்த வரலாறு எவ்வளவு முக்கியம் என்பதற்கு மிக்-21 சாட்சி. 1963இல் இந்திய விமானப்படைக்கு வந்து 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற விமானம். டிசிஎஸ்ஸில் அதன் பிஸ் ரகம் 2014 முதல் கிடைக்கிறது. உண்மையிலேயே நல்ல வேலைப்பாடு. முக்கோண இறக்கை, மூக்கைத் தூக்கினால் வேகம் சரசரவென்று கரைவது, தரையிறங்கும்போது வேகமாகக் கீழே போவது எல்லாம் இருக்கிறது. பத்து தடவை மோதியபிறகு பதினொன்றாவது தடவை நீங்களும் நன்றாக இறக்கிவிடுவீர்கள். பிறகு என்ன நடக்கிறது தெரியுமா? 'விமானம் நல்ல விமானம்தான் ப்ரோ, ஓட்டத் தெரியல' என்று ஒரு தீர்ப்பு வருகிறது.

2012இல் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி, வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்துக்குள்ளாயின. இறந்த விமானிகள் 171 பேர், பொதுமக்கள் 39 பேர். அவர்களுக்கெல்லாம் ஓட்டத் தெரியாதா? விமானப் பாதுகாப்பை ஆராய்ந்த லா ஃபோண்டேன் குழு, மெதுவான பயிற்சி விமானத்துக்கும் மிக்-21க்கும் நடுவே ஒரு மேம்பட்ட ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்று 1982இலேயே சொன்னது. ஹாக் விமானம் படையில் சேர்ந்தது 2008இல். இருபத்தாறு வருஷம். அந்த இருபத்தாறு வருஷத்தில், நடுப்படியே இல்லாத ஏணியில் இருபத்து இரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள் தாவினார்கள். நடுவில் சோவியத் யூனியன் உடைந்து உதிரிபாகங்களுக்கும் தட்டுப்பாடு. கோப்பு நகராத அந்த இருபத்தாறு வருஷத்தை எந்த ஃப்ளைட் மாடலில் சேர்ப்பீர்கள்? மிக்-21 எப்படிக் கையாளப்பட்டது என்ற கேள்விக்கு அதுவும் பதிலில் ஒரு பகுதி. பதினொன்றாவது தடவை என்ற சலுகை அவர்களுக்குக் கிடையாது. அவர்களுக்கு ரீஸ்பான் இல்லை.

இதனால்தான் இது வெறும் சொல் சண்டை இல்லை என்கிறேன். 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து விங் கமாண்டர் நமன்ஷ் சியால் இறந்தார். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும், விசாரணைக்குழு இன்னும் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே, வீட்டு நாற்காலியிலிருந்து தீர்ப்பு சொல்கிறவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். 'இவ்வளவு உயரத்துல அத பண்ணியிருக்கக் கூடாது, நான் சிம்ல ட்ரை பண்ணேன்.' செத்தவர் பதில் சொல்ல வரமாட்டார் என்ற தைரியம். 2025 மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் மோதலின்போது ஆர்மா 3 விளையாட்டின் காட்சிகள் நிஜ விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டதாகச் சுற்றின. உண்மை கண்டறியும் குழுக்கள் ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டிருந்தன. 'அப்படியே நிஜம் மாதிரி' என்று நாம் கொண்டாடிய குணம்தான் அந்தப் பொய்க்கு இன்ஜின்.

சிமுலேட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1929இல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் தன் குடும்பத்தின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் இருந்த துருத்திகளை வைத்து முதல் பயிற்சிப் பெட்டியைச் செய்தார். மேகத்துக்குள் போனால் உடம்பு சொல்வதை நம்பாமல் கருவியை நம்பப் பழக்கியது அந்தப் பெட்டி, ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியது. இன்றைய சிமுலேட்டரும் நல்ல ஆசான்தான். வேகத்தையும் உயரத்தையும் காசு மாதிரி எண்ணிச் செலவழிக்கவேண்டும் என்பதை, விமானத்தைக் கிட்டத்தில் பார்த்தே இராத பொன்னேரிப் பையனுக்கும் அது கற்றுக்கொடுக்கும். செயல்முறையைக் கற்றுக்கொடுக்கும், வரிசையைக் கற்றுக்கொடுக்கும். அதற்கு மேல் தனக்குத் தெரியும் என்று அது நடிக்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

ஸ்டுடியோக்களிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. எந்த எண் அளந்தது, எந்த எண் கையேட்டுக்குப் பொருத்தியது, எந்த எண் ஊகம் என்று ஒவ்வொரு விமானத்துக்கும் எழுதி வையுங்கள். காசு கொடுத்து வாங்குகிறோம், கேட்க உரிமை இருக்கிறது. நம் ஆட்களிடம் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். 'இந்த மாடல் கையேட்டோடு ஒத்துப்போகுது' என்று சொல்லுங்கள், அது நேர்மையான வாக்கியம். விபத்துச் செய்தி வந்த அன்று மட்டுமாவது ஜாய்ஸ்டிக்கைக் கீழே வையுங்கள். விசாரணை அறிக்கை வரட்டும், அதைப் படித்துவிட்டுப் பேசுவோம்.