கண் மூடினால் தள்ளாட்டமா?

சென்ற தைப்பூசத்திற்குப் பின் ஒரு நாள், கூட்டம் குறைந்த வேளையில், கபிலர்மலை பாலசுப்பிரமணியப் பெருமானைத் தரிசிக்க என் தமக்கையாருடன் சென்றிருந்தேன். பரமத்தி வேலூரிலேயே எழுபது ஆண்டுகளைக் கழித்தவர் அவர். சந்நிதியில் தலைமேல் கைகூப்பிக் கண்களை மூடியவர், மறுகணமே தள்ளாடி என் தோளைப் பற்றிக்கொண்டார். பக்திப் பரவசம் என்றே அருகில் நின்றோர் எண்ணினர். நானும் அவ்வாறே எண்ணினேன். இறங்கி வரும்போதுதான், பாதம் மரத்திருப்பதால் செருப்பு நழுவுவதுகூடத் தெரிவதில்லை என்றும், முகம் கழுவக் கண்ணை மூடினால் சாய்வதுபோல் இருக்கிறது என்றும் கூறினார். "வயசாச்சு தம்பி, அப்புறம் என்ன?" என்று முடித்துவிட்டார்.

வயது மட்டும் அன்று. இரத்தத்தைப் பரிசோதித்ததில் பி12 என்னும் வைட்டமின் மிகவும் குறைந்திருந்தது.

நரம்பின் மேலுறையைக் காப்பதும், இரத்தச் சிவப்பணுக்கள் உருவாகத் துணைபுரிவதும் இச்சத்தின் பணிகள். இது குறைந்தால் பாதம் தரையில் எங்கே ஊன்றியிருக்கிறது என்ற உணர்வு மூளைக்குச் சரிவரச் செல்லாது. கண் திறந்திருக்கும்வரை பார்வை அக்குறையை ஈடுசெய்யும். மூடியதும் தள்ளாட்டம் வெளிப்படும். மறதி, மனச்சோர்வு, நாவெரிச்சல் ஆகியவையும் தோன்றலாம். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் சீராகும். நெடுநாள் விட்டுவிட்டால் நரம்பின் சேதம் முழுவதும் மீளாமல் போகலாம்.

காவிரிப் பாசனத்தில் விளையும் எங்கள் ஊர்ப் பூவனிலும் கற்பூரவல்லியிலும் வேறு நற்சத்துகள் உண்டு, பி12 இல்லை. வெற்றிலையிலும் வெல்லத்திலும் இல்லை. நினைவாற்றலுக்கு என்று நாம் போற்றும் வல்லாரையும் கீரை என்ற அளவில் நன்றே, ஆயினும் இக்குறையைத் தீர்க்காது. முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல் மாவட்டத்தில் வாழ்ந்தும் அதைத் தொடாத குடும்பங்களுக்கு எஞ்சுவது பாலும் தயிருமே. பசுவும் தானாக இச்சத்தை உண்டாக்குவதில்லை. அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கித் தருகின்றன!

நாளொன்றுக்கு இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகமாக வேண்டும் என்பது நம் நாட்டின் பரிந்துரை. 200 மில்லி பாலில் ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம் இருக்கும். நெடுநேரம் காய்ச்சினால் அதுவும் குறையும். ஆகவே இரண்டு தம்ளர் பாலும் ஒரு கிண்ணம் கெட்டித் தயிரும் நாள்தோறும் தேவை. நம் வீட்டுப் பெரியவர்களோ பாலைப் பேரப்பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு வறக்காப்பி அருந்துகின்றனர்; தயிரையும் நீர்மோராக்கி விடுகின்றனர். என் தமக்கையாரும் அவ்வாறே செய்துவந்தார். பெருமாள் கோயிலில் தத்தியோன்னம் கிடைத்தால் அதையும் பொட்டலமாக மடித்து வீட்டிற்குக் கொண்டுவந்து விடுவார்.

உண்டும் பயனில்லாத நிலையும் உண்டு. முதுமையில் இரைப்பையின் அமிலம் குறைவதால் உணவிலுள்ள பி12 பிரிந்து உடலில் சேர்வது தடைப்படலாம். சர்க்கரை நோய்க்கான மெட்பார்மின் மாத்திரையையோ அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையோ ஆண்டுக்கணக்கில் உட்கொள்வோருக்கும் இக்குறை நேரக்கூடும். அதற்காக அம்மாத்திரைகளைத் தாமாக நிறுத்திவிடலாகாது. சர்க்கரை நோயாலும் கால் மரக்கும் என்பதால், காரணம் இதுதான் என்று வீட்டிலிருந்தே முடிவுகட்டவும் கூடாது. சோகைக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் வாங்கி உண்பது மற்றொரு தவறு. இரத்தம் தேறியதுபோல் தோன்றும், நரம்போ உள்ளே நலிந்துகொண்டிருக்கும்.

ஊசியா மாத்திரையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். "அது மாமிசத்திலிருந்து எடுத்ததா?" என்று தமக்கையார் முதலில் மறுத்தார். நியாயமான ஐயமே. 1948-இல் இச்சத்தை முதன்முதலில் பிரித்தெடுத்தது ஈரலிலிருந்துதான். இன்று மருந்துக்கான பி12 நுண்ணுயிர்களை வளர்த்துப் பெறப்படுகிறது. ஆனால் குளிகைகளின் மேலுறை சிலவற்றில் விலங்கிலிருந்து பெறும் ஜெலட்டினால் ஆனது. சைவ நெறியினர் மருந்துக்கடையில் கேட்டு மாத்திரையாகவே வாங்கிக்கொள்ளலாம்.

ஊசிகள் முடிந்து நான்கு மாதங்களாகின்றன. தள்ளாட்டம் குறைந்துவிட்டது, இடது பாதத்தில் மரமரப்பு இன்னும் சிறிது இருக்கிறது. சந்நிதியில் இப்போதும் கண்மூடித்தான் நிற்கிறார், தூணருகே.