புற்றுநோயாளியைக் கொல்வது விதியா?



விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கங்களில் புற்றுநோய் கண்டவர் இறந்தால், "அவன் விதி முடிந்தது" என்று ஒரே வார்த்தையில் தீர்த்துவிட்டுக் கருமாதிக்கு நாள் பார்க்கப் போய்விடுகிறார்கள். கொன்றது புற்றுநோய்தானா என்று கேட்பாரில்லை. கட்டி கரைந்து வரும்போதே இரண்டு நாள் காய்ச்சலில் மாண்டவர்கள் உண்டு. புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து, கிருமியை எதிர்த்து நிற்கும் இரத்த வெள்ளணுக்களையும் குறைத்துவிடுகிறது. அப்போது உயிரைக் காப்பது கிருமிக்கொல்லி மருந்துதான். அதற்கும் கிருமி அடங்காவிட்டால் வைத்தியர் என்ன செய்வார்?

கிருமிக்கு இந்தத் துணிச்சலைக் கொடுத்தது யார்? பிரம்மாவா? ஜலதோஷம் பிடித்தால், "அண்ணாச்சி, நாலு மாத்திரை கொடுங்க" என்று சீட்டில்லாமல் வாங்கி, இரண்டைத் தின்று, மீதியை மாடத்தில் வைக்கிற நாம்தான் கொடுத்தோம். ஜலதோஷத்துக்கு அம்மாத்திரையால் பிரயோஜனமேயில்லை. குடலிலுள்ள எளிய கிருமிகள் சாக, முரட்டுக் கிருமி பிழைத்துப் பெருகுகிறது. தன் வித்தையைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுக்கிறது. பென்சிலினைக் கண்ட பிளெமிங் 1945லேயே எச்சரித்த சங்கதி இது. வெடி விபத்தில் தோல் வெந்த தொழிலாளிக்கும் இதே கிருமிதான் எமன்.

2010இல் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரும் வெளிநாட்டாரும் கூடி, கடைசிக் கையிருப்பான மருந்துகளையும் முறிக்கும் கிருமிகள் சென்னையில் இருப்பதாக எழுதினார்கள். மருந்தை முறிக்கும் அச்சரக்குக்குப் "புது டில்லி" என்று பெயரிட்டதுதான் அதிகாரிகளுக்குப் பெரிய அவமானமாய்ப் பட்டது! நல்லவேளையாக, 2012இல் வைத்திய சங்கத்தார் சென்னையில் கூடிப் பிரகடனம் செய்தார்கள். 2014 மார்ச் முதல், 24 கிருமிக்கொல்லிகளைச் சீட்டின்றி விற்கக்கூடாது, தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைக்கவேண்டும் என்பது சட்டம்.

நிற்க. நோயாளியைப் பார்க்க வரும் பந்துக்கள், பஸ் கம்பியைப் பிடித்த கையோடு இருக்கன்குடித் திருநீற்றை நெற்றியில் பூசி, தீர்த்தத்தை வாயில் ஊற்றுகிறார்களே, எதிர்ப்புச் சக்தியற்ற உடம்புக்குள் போவது அருளா, அழுக்கா? சோப்புப் போட்டுக் கை கழுவினால் எந்தச் சாமி கோபிக்கும்? (கழுவாமல் தொடவரும் டாக்டரையும் கூசாமல் கேளுங்கள்.)

மருந்து ஏற்றிக்கொண்டவருக்குக் காய்ச்சல் கண்டால் நேர்த்திக்கடனும் வேண்டாம், மாடத்து மாத்திரையும் வேண்டாம். அந்த மணியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விடிந்ததும் உங்கள் தெரு மருந்துக்கடைக்குப் போய், அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள்.